வடக்கே ஏறும் படகுக்கு எந்த ஒதுக்கு?

மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தின் தென்கோடியில் இருக்கும் காபோ சான் லூகாஸிலிருந்து அமெரிக்காவின் சான் டியேகோ வரை கடல்வழி சுமார் 750 கடல் மைல். குளிர்காலம் கழிக்கத் தெற்கே போன பாய்மரப் படகுகளை வசந்தத்தில் வடக்கே கொண்டுவந்து உரிமையாளரிடம் ஒப்படைப்பது ஒரு தொழில். பல ஆண்டுகளாக நான் செய்துவருவது அதுதான். தெற்கே போகும்போது காற்று முதுகில் இருக்கும். திரும்பும்போது காற்று, அலை, கலிபோர்னியா நீரோட்டம் மூன்றும் சேர்ந்து வடமேற்கிலிருந்து முகத்தில் மோதும். படகும் ஆட்களும் எந்த நிலையில் வந்து சேர்வார்கள் என்பது பெரும்பாலும் இரவுகளில் எங்கே நங்கூரம் போட்டோம் என்பதைப் பொறுத்தது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வழிகாட்டி நூல்கள் முதலில் கேட்பது, அங்கே காற்றுக்கு ஒதுக்கு இருக்கிறதா என்று. நான் அந்தக் கேள்வியை மூன்றாவதாக வைக்கிறேன். நள்ளிரவு தாண்டிய இருட்டில் அங்கிருந்து புறப்பட முடியுமா, புறப்பட்டால் அடுத்த முனையை எத்தனை மணிக்குத் தாண்டலாம் என்பது முதல் கேள்வி. தொலைவிலிருந்து வரும் நீளலை உள்ளே நுழைகிறதா என்பது இரண்டாவது. இந்த வரிசை பலருக்குத் தலைகீழாகத் தோன்றுகிறது. ஏன் இப்படி என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தக் கரையின் காற்றுக்கு ஒரு நாள்முறை உண்டு. மேற்கே வட பசிபிக்கின் உயர் அழுத்தம் நிலையாக உட்கார்ந்திருக்கிறது. கிழக்கே சோனோரா பாலைநிலம் வெயிலில் காய்ந்து அழுத்தம் குறைகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பிற்பகலில் உச்சத்துக்கு ஏறி, இரவில் நிலம் குளிர்ந்ததும் தளர்கிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை இந்த வேறுபாடு மிகக் கூர்மையாக இருக்கும். அதனால் காலை ஐந்து மணிக்கு எட்டு நாட் வேகத்தில் அசைந்துகொண்டிருக்கும் காற்று மாலை நான்கு மணிக்கு இருபத்தைந்தைத் தொடுவது அங்கே சாதாரணம். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. வேகம் இரு மடங்கானால் படகின் மேல் விழும் அடி நான்கு மடங்கு. நாற்பது அடிப் படகு ஒன்று தட்டையான நீரில் எஞ்சினை ஓட்டி மணிக்கு ஆறு மைல் போகும் என்றால், பிற்பகல் காற்றலைக்கு எதிரே அதே எஞ்சின் மூன்று மைல்தான் தள்ளும். எரியும் டீசல் குறைவதில்லை. ஐம்பது மைல் தூரத்தை அதிகாலை இரண்டு மணிக்குத் தொடங்கினால் பத்தரை மணிக்கு முடிக்கலாம். அதே தூரத்தைக் காலை உணவெல்லாம் முடித்து ஒன்பது மணிக்குத் தொடங்குகிறவர் பாதி வழியைக் கூட முடிக்குமுன் காற்றுக்குள் மாட்டிக்கொண்டு, மீதியை மூன்று மைல் வேகத்தில் இரவு வரை இழுப்பார். காபோவிலிருந்து கிளம்பிச் சில மைல்களிலேயே வரும் காபோ ஃபால்சோ முனையில், வெளியே வீசுவதைவிட ஏறக்குறைய இரு மடங்கு காற்று பிற்பகல்களில் நிற்கும். முதல் நாளே திரும்பி ஓடி வரும் படகுகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் திரும்புகின்றன. முனையில் ஒரு குறையும் இல்லை, போன நேரம்தான் தப்பு.

பாயை மட்டும் நம்பிய காலத்தில் இதன் விலை எவ்வளவு என்பதற்கு எழுத்தில் சான்று இருக்கிறது. ஸ்பானியக் கடலோடி பிரான்சிஸ்கோ டி உல்லோவா 1540 ஜனவரியில் இந்தக் கரையின் நடுவே உள்ள செட்ரோஸ் தீவை அடைந்தார். அதற்கு வடக்கே ஏறப் பார்த்தபோதெல்லாம் வடமேற்குக் காற்று அவரைத் திருப்பி அனுப்பியது. ஏப்ரலில் தன் கப்பல்களில் ஒன்றைக் கடிதத்தோடு தெற்கே அனுப்பிவிட்டார். யுவான் ரோட்ரிகஸ் காப்ரீயோ 1542 ஜூன் கடைசியில் நாவிடாட் துறையை விட்டு, செப்டம்பர் கடைசியில் சான் டியேகோ விரிகுடாவுக்குள் நுழைந்தார். மூன்று மாதம். செபாஸ்டியான் விஸ்கயீனோ 1602 மே மாதம் அகாபுல்கோவிலிருந்து புறப்பட்டு நவம்பரில்தான் அங்கே வந்து சேர்ந்தார். இவர்கள் ஒதுக்கிலிருந்து ஒதுக்குக்குத் தாவி, காற்று தளரும்வரை கிடந்து, மீண்டும் தாவி ஏறியவர்கள். இன்று நாம் பயன்படுத்தும் தங்கல்களில் பெரும்பாலானவை அவர்கள் கிடந்த அதே மூலைகள்தான். நம்மிடம் எஞ்சின் இருக்கிறது என்பது மட்டுமே வேறுபாடு. காற்று தளரும் ஆறேழு மணி நேரத்தை அந்த எஞ்சினால் முழுதாகப் பயன்படுத்திக்கொள்ள முடியும். அந்த ஆறேழு மணி நேரத்தின் வாசலில் படகை நிறுத்தி வைக்கும் இடமே நல்ல தங்கல்.

இனி நீளலை. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அனுபவமுள்ளவர்கள் கூட இங்கே ஏமாறுகிறார்கள். அலையின் நீளம் அதன் கால இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்தது. எட்டு விநாடிக்கு ஒன்றாக வரும் காற்றலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 100 மீட்டர். பதினாறு விநாடிக்கு ஒன்றாக வரும் நீளலைக்கு அது சுமார் 400 மீட்டர். ஓர் அலை தன் நீளத்தில் பாதி ஆழத்துக்கு வந்ததும் கடலடியை உணரத் தொடங்கும், உணர்ந்ததும் ஆழம் குறைந்த பக்கம் நோக்கி வளையும். ஆகவே காற்றலை 50 மீட்டர் ஆழம் வரும்வரை நேராகவே ஓடி முனையைத் தாண்டிப் போய்விடுகிறது. நீளலையோ 200 மீட்டரிலேயே வளையத் தொடங்கி, முனையைச் சுற்றிக்கொண்டு பின்னால் இருக்கும் ஒதுக்குக்குள் வந்து சேர்கிறது. வரைபடத்தில் பார்த்தால் அந்த இடம் வடமேற்குக்கு முற்றிலும் மறைவாகத் தெரியும். அங்கே நங்கூரம் போட்டுப் படுத்தவருக்கு இரவு முழுக்கப் படகு பக்கவாட்டில் உருளும். கன்னியாகுமரிக் கரையில் காற்றே இல்லாத நாளில் கள்ளக்கடல் ஏறி வருவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. எங்கோ தென்பெருங்கடலில் அடித்த புயலின் அலை ஆயிரக்கணக்கான மைல் ஓடி வந்து அங்கே எழுகிறது. அதே தென்பெருங்கடலின் பசிபிக் பக்கத்துப் புயல்கள் மே மாதத்திலிருந்து பாஹா கரைக்கும் தெற்கிலிருந்து நீளலைகளை அனுப்புகின்றன. வடமேற்குக்கு மறைவான தங்கல்களில் பெரும்பாலானவை தெற்குக்குத் திறந்தவை என்பதால், வசந்தத்தின் பின்பாதியில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

சான் ஹுவானிக்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் பேசப்போகும் சாந்தா மரியா விரிகுடாவிலிருந்து வடக்கே தொண்ணூறு மைலுக்கு மேல் போனால் வரும் முதல் ஒதுக்கு அது. வடமேற்குக் காற்றுக்கு நல்ல மறைவு. ஆனால் உலகெங்கும் இருந்து அலைச்சறுக்கு வீரர்கள் அந்த ஊரைத் தேடி வருகிறார்கள். தெற்கிலிருந்து வரும் நீளலை அங்கே முனையை ஒட்டி ஒழுங்காக உடைந்து நீண்ட தூரம் ஓடுவதுதான் அவர்களை இழுக்கிறது. அவர்களுக்கு நல்ல வாரம் நமக்குத் தூக்கமில்லாத வாரம். அதே போல விஸ்கயீனோ விரிகுடாவின் வடக்கு ஓரத்தில் உள்ள புந்தா சான் கார்லோஸ், காற்றில் பாய்ப்பலகை ஓட்டுபவர்களிடையே பெயர் பெற்ற இடம். அவர்களுக்கு வேண்டியது கரையிலிருந்து அடிக்கும் கடுங்காற்றும் முனையைச் சுற்றி வரும் அலையும். படகுக்கு வேண்டாதவை இவையே. விளையாட வருபவர்கள் எங்கே கூடாரம் அடிக்கிறார்கள் என்பதைப் பார்த்தே ஒரு தங்கலின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்பது என் கருத்து. மீனவர்கள் தங்கள் பாங்கா படகுகளைக் கடற்கரையின் எந்தப் பகுதியிலிருந்து தள்ளி இறக்குகிறார்கள் என்று பார்ப்பது அதைவிட நல்லது. அலை மிகக் குறைவாக உடையும் இடத்தை நாள் தவறாமல் சோதித்து வைத்திருப்பவர்கள் அவர்கள்.

காற்றை மூன்றாவதாகத் தள்ளுவது பொறுப்பில்லாத பேச்சு, நங்கூரம் இழுபட்டுப் படகு கரையேறினால் உறக்கத்தைப் பற்றிப் பேசி என்ன பயன் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. உயரமான முனைகளுக்குப் பின்னால் வெளிக்கடலைவிடக் கூடுதல் காற்று அடிப்பது உண்மைதான். கடல்மேல் இருக்கும் குளிர்காற்றுப் படலத்தின் தலைக்கு மேல் வெப்பக்காற்று மூடியிருக்கிறது. மேலே எழும்ப வழியில்லாமல் அந்தப் படலம் முனையைச் சுற்றி விரிந்து பாயும்போது, வேகம் முனைக்குச் சற்றுப் பின்னால்தான் உச்சத்தை அடைகிறது. நாம் நங்கூரம் போடும் இடமும் அதுவே. ஆனால் அங்கே காற்று நிலத்திலிருந்து நீருக்கு வருகிறது. அலை எழுப்ப அதற்கு ஓடுதூரம் இல்லை. கரையை ஒட்டி, ஆழம் அனுமதிக்கும் அளவுக்கு நெருங்கிப் போட்டால், இருபத்தைந்து நாட் காற்றிலும் நீர் தட்டையாகவே இருக்கும். காற்று படகின் அணியத்தை, அதாவது முன்முனையை, ஒரே திசையில் பிடித்து வைக்கும். சங்கிலி ஒரே திசையில் இழுபடும், நங்கூரம் மணலில் இன்னும் ஆழமாகப் புதையும். நங்கூரத்தைப் பெயர்ப்பது பெரும்பாலும் அணியம் மேலும் கீழும் எகிறும்போது சங்கிலி விறைத்துச் சுண்டும் சுண்டல்தான். அந்த எகிறலைத் தருவது அலை. கணக்கு எளிது. எட்டு மீட்டர் ஆழம், அணியத்தின் உயரம் ஒன்றரை மீட்டர், கடலேற்றத்துக்கு இரண்டு மீட்டர் சேர்த்தால் பதினொன்றரை. அதற்கு ஐந்து மடங்கு என்றால் 57 மீட்டர், ஏழு மடங்கு என்றால் 80 மீட்டர் சங்கிலி. தட்டையான நீரில் ஐந்து மடங்கு தாராளம். நீளலை நுழையும் இடத்தில் ஏழு மடங்கு விட்டாலும் அது ஆறுதலுக்குத்தான்.

காற்றே இல்லாத இரவில் நடப்பது இதற்கு நேர் எதிர். படகைப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. அது தன்போக்கில் திரும்பி, நீளலைக்குப் பக்கவாட்டாகக் கிடந்து உருளத் தொடங்கும். பாத்திரம் உருளும், பாய்மரம் முனகும், படுத்திருப்பவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிடப்பார். பின்முனையான அமரத்திலிருந்து இரண்டாவது நங்கூரம் ஒன்றைப் போட்டு, அணியத்தை அலைக்கு நேராகத் திருப்பி வைப்பது பழைய வழி, நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அதிகாலை இரண்டு மணிக்கு இருட்டில் அந்த இரண்டாவது நங்கூரத்தை எடுக்கும் வேலை தலையில் விழுகிறது. இரண்டே பேர் இருக்கும் படகில் அது அரை மணி நேரம் பிடிக்கும், கயிறு எஞ்சினின் சுழலியில் சிக்கும் ஆபத்தும் உண்டு. அதற்குச் சோம்பி விடியட்டும் என்று இருந்துவிட்டால் அன்றைய தளர்ந்த காற்று கைவிட்டுப் போகிறது. உறக்கமும் புறப்பாடும் இப்படித்தான் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. ஆகவே இரைச்சலோடு காற்றடிக்கும் தட்டையான நீரா, அமைதியாக உருளும் நீரா என்றால், நான் எப்போதும் முதலாவதைத்தான் எடுப்பேன்.

இந்தத் தேர்வை இன்று துணிந்து செய்ய முடிவதற்கு ஒரு காரணம் நங்கூரம் மாறியதுதான். தொடக்கத்தில் நான் கையாண்ட படகுகளில் கலப்பை வடிவ சி.கியூ.ஆர்., கொக்கி வடிவ புரூஸ் இரண்டும்தான் இருந்தன. கடின மணலில் சி.கியூ.ஆர். பக்கவாட்டில் சாய்ந்து கோடு கிழித்துக்கொண்டு வரும். பிறகு ஸ்பேட், ரோக்னா போன்ற குழிந்த அலகுள்ள நங்கூரங்கள் வந்தன. விழுந்ததும் தம் நீளத்துக்குள் புதைந்து, காற்று ஏற ஏற ஆழமாகப் போகும். கடுங்காற்று விழும் ஒதுக்குகளைப் பழைய மாலுமிகள் தவிர்த்தது அவர்களுடைய இரும்புக்குச் சரியான முடிவு. அந்த எச்சரிக்கைகளை அப்படியே நகலெடுத்துவரும் வழிகாட்டி நூல்கள் இரும்பு மாறியதைக் கணக்கில் எடுக்கவில்லை.

மக்டலேனா விரிகுடாவும் அதன் வடக்கே சாந்தா மரியாவும் இந்த வாதத்துக்கு நல்ல சோதனை. காபோவிலிருந்து மக்டலேனா வாய் வரை நூற்றைம்பது மைலுக்குச் சற்று மேல். இடையில் நம்பத்தக்க ஒதுக்கு கிடையாது. ஆகவே அந்தத் துண்டை ஒரு முழு இரவும் பகலும் காற்று தணிந்திருக்கும் நேரம் பார்த்தே ஓட வேண்டும். வந்து சேர்ந்த களைப்பில் எல்லோரும் விரிகுடாவுக்குள் நெடுந்தூரம் ஏறி, புவேர்ட்டோ மக்டலேனா கிராமத்துக்கு எதிரே போய்க் கிடக்கிறார்கள். 1908-இல் அமெரிக்காவின் வெள்ளைப் போர்க்கப்பல் அணி உலகச் சுற்றுப்பயணத்தின் நடுவே பீரங்கிப் பயிற்சிக்காக வாரக்கணக்கில் நின்ற நீர் அது. எவ்வளவு பெரிய கப்பலுக்கும் இடமுண்டு, ஊரில் மனிதர்களும் இருக்கிறார்கள். ஆனால் வாய்க்கு அருகிலேயே, பழைய திமிங்கில வேட்டை நிலையம் இருந்த பெல்ச்சர் முனையில் ஒதுங்கினால், போகவர ஏற்படும் அந்தக் கூடுதல் மைல்கள் மிச்சம். அவை தட்டையான நீரின் மைல்கள்தானே என்று சொல்லலாம். உண்மை, ஆனால் அவை செலவழிப்பது அதிகாலை நேரத்தை. அடுத்து வரும் காபோ சான் லாஸரோ முனையை அதிகாலையில் தாண்டுவதற்கும் காற்று ஏறத் தொடங்கியபின் தாண்டுவதற்கும் உள்ள வேறுபாடு அந்த மைல்களில்தான் இருக்கிறது. அதைவிட நல்லது, உள்ளே நுழையாமலே இன்னும் இருபது மைலுக்கு மேல் ஏறி, சாந்தா மரியாவில் போடுவது. வாய் மிக அகலம். இரவில் வந்தாலும் நுழையலாம், இரவில் புறப்படலாம். மலைகளுக்கு நடுவே தாழ்ந்த மணல்வெளியைத் தாண்டிக் காற்று பலமாக விழும், பலர் அதைக் குறை சொல்வார்கள். முனையின் தலைமாட்டிலேயே படுத்திருக்கிறோம் என்பதற்காக அந்த இரைச்சலை நான் மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் தெற்கே இறங்கும் பாஹா ஹா-ஹா படகு அணி, 1994-இல் தொடங்கிய காலத்திலிருந்து சாந்தா மரியா, அதற்கு வடக்கே உள்ள ஆமை விரிகுடா இரண்டையும் நிறுத்தங்களாக வைத்திருப்பது தற்செயல் அல்ல. நூற்றுக்கும் மேற்பட்ட படகுகள் எந்த நேரத்திலும் வந்து போகக்கூடிய வாய்கள் அவை.

சான் ஹுவானிக்கோவுக்கு மேலே அப்ரியோஹோஸ் முனை அறுபது மைலுக்குச் சற்று மேல். அதற்கு அப்பால் அசுன்சியோன் ஐம்பதுக்குள், அங்கிருந்து ஆமை விரிகுடா மீண்டும் ஐம்பதை ஒட்டி. இந்தக் கரையிலேயே ஒரு காலைப்பொழுதுக்கு ஏற்ற இடைவெளியில் ஒதுக்குகள் அமைந்திருப்பது இந்தத் துண்டில்தான். அவசரப்படாமல் தாவுகிறவர் இங்கே காற்றை அதிகம் சந்திக்காமலே ஏறிவிடுவார். அப்ரியோஹோஸில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். முனைக்கு வெளியே பாறைகளும் திட்டுகளும் சிதறிக் கிடக்கின்றன. பகலில் வந்த வழியை ஜிபிஎஸ் கோடாகப் பதிந்து வைத்து, இருட்டில் அதே கோட்டின்மேல் திரும்பிப் போக வேண்டும். புதிய வழியில் குறுக்கே வெட்டலாம் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை. எந்தத் தங்கலிலும் வெளிச்சம் இருக்கும்போதே நுழைந்துவிட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது நுழைவதற்காக மட்டும் அல்ல, வெளியேறும் வழியைக் கண்ணால் பார்த்து வைப்பதற்காகவும். குளிர்கால இறால் பருவத்தில் கல் இறால் கூடுகளின் மிதவைகள் பாறைகளை ஒட்டி நிறைய இருக்கும். இருட்டில் அவற்றின் கயிறு சுழலியைச் சுற்றினால் கரைக்கு மிக அருகில் எஞ்சின் இல்லாமல் நிற்க நேரும். இந்தக் கரையின் கூட்டுறவு மீனவர்களின் இறால் தொழில் 2004-இல் கடல்வளப் பொறுப்புக்கான சர்வதேசச் சான்று பெற்றது. ஒழுங்காக நடக்கும் தொழில், ஒழுங்காக இடப்பட்ட கூடுகள். பகலில் அவற்றின் வரிசை தெளிவாகத் தெரியும். இருட்டில் வழிவிட வேண்டிய கடமை நம்முடையது.

இவ்வளவு திட்டம் எதற்கு, நிற்காமலே ஓடினால் ஐந்தாறு நாளில் முடிந்துவிடுமே என்பது இளம் மாலுமிகள் எழுப்பும் ஆட்சேபம். காற்று ஒரு வாரம் தூங்கும் ஆண்டுகளில் அவர்கள் சொல்வது சரி. தூங்கும்போது நானும் நிற்கமாட்டேன், கிடைத்த மைலை விடுவது பாவம். ஆனால் வசந்தத்தில் அது அரிது. வழக்கமான வாரத்தில் நிற்காமல் ஓடும் படகு ஒவ்வொரு பிற்பகலையும் திறந்த கடலில் மூன்று மைல் வேகத்தில் கழிக்கிறது. அந்த எட்டு மணி நேரத்தில் கிடைப்பது இருபத்து நான்கு மைல். அதற்காக இரண்டு பேரின் உறக்கமும், தொட்டியின் அடியில் கிடக்கும் கசடு குலுங்கி ஏறி அடைக்கும் டீசல் வடிகட்டியும், வெடிப்பு விடும் பாய்மரக் கம்பிப் பிடிகளும் செலவாகின்றன. அதே எட்டு மணி நேரத்தை நங்கூரத்தில் தூங்கிக் கழித்தவர், மறுநாள் விடிகாலையின் முதல் நான்கு மணி நேரத்தில் அந்த இருபத்து நான்கு மைலைப் பெற்றுவிடுகிறார். மொத்த நாட்கணக்கில் இரண்டு படகுக்கும் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. வந்து சேரும் படகைப் பார்த்தால் வேறுபாடு தெரியும். இன்னொரு யோசனை, காபோவிலிருந்து நேரே மேற்கே கடலுக்குள் நூற்றுக்கணக்கான மைல் போய், பிறகு திரும்பிக் கரைக்கு வரும் பழைய பாய்க்கப்பல் வழி. நன்றாகக் காற்றேறும் படகும், நான்கைந்து பேர் குழுவும், கூடுதல் வாரமும் இருப்பவர்களுக்கு அது நேர்மையான மாற்று. அவர்களுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை.

வலுவான ஆட்சேபம் வேறொன்று. முன்பு கரகரக்கும் சிற்றலை வானொலியில் வந்த ஒரு சொல், தாளில் அச்சாகும் வானிலைப் படம், இவ்வளவுதான் கையில் இருந்தது. இப்போது படகின் மேல் சிறு தட்டு ஒன்றை வைத்தால் செயற்கைக்கோள் வழியே மணிக்கு மணி முன்கணிப்பு வருகிறது, பொதுவிதியாக அதிகாலையை நம்புவதைவிட அதைப் பார்த்து முடிவு செய்யலாமே என்கிறார்கள். அந்த வசதியை நான் விரும்பிப் பயன்படுத்துகிறேன், அது இல்லாத காலம் திரும்ப வேண்டும் என்று ஒருபோதும் நினைத்ததில்லை. வாரத்தின் போக்கை அது அற்புதமாகச் சொல்கிறது. எந்த நாட்களில் உயர் அழுத்தம் தளரும், எப்போது மீண்டும் இறுகும் என்பதில் அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆனால் எல்லோரும் இலவசமாக இறக்கும் அமெரிக்க ஜிஎஃப்எஸ் கோப்புகளின் கட்டம் கால் பாகை, அதாவது பதினைந்து கடல் மைல். ஐரோப்பிய மாதிரியின் கட்டம் சுமார் ஒன்பது கிலோமீட்டர். மூன்று மைல் நீட்டிய ஒரு முனையும் அதன் பின்னால் வளைந்த ஒதுக்கும் இந்தக் கட்டங்களின் கண்ணில் படுவதே இல்லை. முனைகளில் அவை சொல்லும் எண்ணோடு ஐந்து முதல் பத்து நாட் கூட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். நீளலையின் உயரத்தையும் இடைவெளியையும் திசையையும் அவை நன்றாகவே சொல்கின்றன. அது குறிப்பிட்ட ஒதுக்குக்குள் எப்படி வளைந்து நுழையும் என்பதைக் கடலடி வரைபடத்தை வைத்து நாமேதான் கணிக்க வேண்டும். ஆகவே எந்த நாள் என்று கேட்கத் திரை உதவுகிறது. எந்த இடம், எந்த மணி என்பதற்கு இன்னும் கரையைத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

வரைபடத்திலும் ஒரு எச்சரிக்கை. இந்தக் கரையின் அளவீட்டில் பெரும்பகுதி 1873 முதல் 1875 வரை நாரகான்செட் என்ற அமெரிக்கக் கப்பலில் ஜார்ஜ் டூயி தலைமையில் நடந்தது. பின்னாளில் மணிலா விரிகுடாப் போரில் வென்றவர் அவரே. செட்ரோஸுக்குத் தெற்கே உள்ள கால்வாய்க்கு இன்றும் அவர் பெயர்தான். அந்த ஆழ அளவுகள் வியக்கத்தக்க அளவு நம்பகமானவை, தீர்க்கரேகைகள் அப்படியல்ல. நெடுங்காலம் மின்வரைபடங்களும் அவற்றையே சுமந்து வந்ததால், ஒதுக்கில் சரியாக மிதக்கும் படகு திரையில் மலைமேல் நிற்பதாகக் காட்டுவது வழக்கமான காட்சி. இப்போது பல இடங்கள் திருத்தப்பட்டுவிட்டன, ஆனால் எவை என்று திரை சொல்லாது. கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை ராடாரில் அளப்பதை நான் விட்டதில்லை. மாறிய இன்னொன்று பாசிக்காடு. பழைய நூல்கள் பல ஒதுக்குகளில் ராட்சதக் கடற்பாசியின் உள்பக்கமாக நங்கூரம் போடச் சொல்கின்றன. அது காற்றலையைத் தணிக்கும், ஆழம் குறைவதையும் காட்டும். 2014 முதல் 2016 வரை நீடித்த கடல்வெப்பத்தில், அந்தப் பாசியின் தென்எல்லையான இந்தப் பகுதியில் அது பெருமளவு அழிந்தது. சில இடங்களில் மீண்டது, சில இடங்களில் இல்லை. பாசி இல்லாத ஒதுக்கு பழைய நூல் சொல்லும் ஒதுக்கு அல்ல.

ஆமை விரிகுடாவின் வாய் ஏறக்குறைய ஒரு மைல் அகலம். உள்ளே எல்லாப் பக்கமும் நிலம். டீசல் கிடைக்கும். இந்தக் கரையில் எந்தக் கேள்விக்கும் நல்ல பதில் தரும் ஒரே இடம் அதுதான், அதனாலேயே அங்கே தேவைக்கு மேல் கிடந்துவிடுகிறார்கள். அதற்கு அப்பால் செட்ரோஸ் தீவு. நடுவில் 1,200 மீட்டர் உயர மலை. கிழக்குப் பக்கத்தின் தென்பாதியில் மலையிலிருந்து காற்று தூக்கி எறிந்தாற்போல் விழும். மேலும், குவெரேரோ நீக்ரோவிலிருந்து உப்பு ஏற்றி வரும் பெரிய மிதவைகளை இழுவைக் கப்பல்கள் இரவிலும் அங்கே கொண்டுவருகின்றன. கிராமமும் சிறு துறையும் அந்தப் பக்கம்தான், எல்லோரும் அங்கே நிற்க விரும்புவார்கள். நான் தீவின் வடகோடி வரை ஏறி, கிழக்குக் கரையை ஒட்டிப் போடுவதையே விரும்புகிறேன். அங்கிருந்து சான் கின்டினுக்கு நேர்வழி சுமார் 130 மைல். முழு இரவும் அடுத்த பகலின் பெரும்பகுதியும் சேர்த்துக் கொடுத்தால் ஒரே ஓட்டத்தில் முடியும். கிராமத்திலிருந்து புறப்படுகிறவர் அந்த ஓட்டத்தின் மிக நல்ல நேரத்தைத் தீவின் நீளத்தைத் தாண்டவே செலவிடுகிறார். வழியில் உள்ள சான் ஹெரோனிமோ தீவுக்கு அருகில் உள்ள பாறைத்தொடரில் 1872-இல் சாக்ரமென்டோ என்ற பயணிக் கப்பல் ஏறியது. இன்றும் அது இரவில் வெகுதூரம் விலகிப் போக வேண்டிய இடம். அந்தத் தீவின் ஒதுக்கைத் தங்கலாகக் கருதுபவர்கள், விடியுமுன் அதிலிருந்து எப்படி வெளியேறுவது என்று முதலில் யோசித்தாலே போதும். அந்த எண்ணத்தைக் கைவிட்டுவிடுவார்கள்.

இரவில் காற்று தளரும் என்பது எல்லாக் கரைக்கும் பொருந்தும் விதி அல்ல. அதே தீபகற்பத்தின் மறுபக்கத்திலேயே அது தலைகீழ். லா பாஸ் அருகே நிலம் தாழ்ந்திருப்பதால் வெயில்காலத்தில் பசிபிக்கின் குளிர்காற்று மாலைக்குப் பிறகு நிலத்தைத் தாண்டி வளைகுடாப் பக்கம் பாய்கிறது. கோரோமுவேல் என்று ஊரார் அழைக்கும் அந்தக் காற்று தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் இரவெல்லாம் வீசி, காலையில் தணிகிறது. அந்தப் பக்கத்தின் அழகான மேற்கு நோக்கிய கோடைக் குடாக்கள் பகலில் குளம், இரவில் அலைமேடை. பசிபிக் கரையில் கற்ற பாடத்தை அப்படியே எடுத்துப்போய் அங்கே நங்கூரம் போடுகிறவர் விடிய விடிய விழித்திருப்பார். மாறாதது ஒன்றுதான்: காற்றின் நாள்முறையைத் தெரிந்துகொண்டு, தளரும் நேரம் தொடங்கும்போது படகு எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கித் தங்கலைத் தேடுவது.

கிழக்குப் பசிபிக்கில் சூறாவளிப் பருவம் மே 15-இல் தொடங்குகிறது. காப்பீட்டாளர்கள் பலர் ஜூன், ஜூலைக்குள் படகு வடக்கே போய்விட வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறார்கள். அதனால்தான் காற்று மிகக் கடுமையான மாதங்களிலேயே இவ்வளவு படகுகள் ஏறுகின்றன. தேதி தலைக்குமேல் தொங்கும் உரிமையாளர்கள் கடைசித் துண்டில்தான் பொறுமை இழக்கிறார்கள். அந்தத் துண்டின் தொடக்கமான சான் கின்டினில் உள்காயலின் வாயில் மணல்திட்டு இருக்கிறது, அதற்குள் போகக் கூடாது. முனைக்குத் தெற்கே திறந்த கரையை ஒட்டித்தான் போட வேண்டும். நீளலை ஓரளவு நுழையும், தூக்கம் அரைகுறைதான். ஆனாலும் நள்ளிரவில் நங்கூரத்தைத் தூக்கினால் எந்தத் தடையும் இல்லாமல் நேரே வெளியே போகலாம். என்செனாடா அங்கிருந்து நூறு மைலை ஒட்டி. காலையில் கோல்நெட் முனையைத் தாண்டிவிட்டால், பிற்பகல் காற்று வலுக்கும்போது புந்தா சாந்தோ தோமாஸின் தெற்கே சிறு ஒதுக்கு ஒன்று கைக்கு எட்டும். அதில் இடம் குறைவு, பாசி அதிகம், ஆனால் அங்கிருந்து மறுநாள் அதிகாலை புறப்பட்டால் காலையிலேயே என்செனாடா துறையில் கயிறு கட்டிவிடலாம். துறை தெரியும் தூரத்தில் வந்துவிட்டோம், இந்த ஒரு பிற்பகலைத் தாங்கிக்கொள்ளலாம் என்று உரிமையாளர் சொல்லும்போது, நான் சாந்தோ தோமாஸில் நங்கூரத்தைப் போட்டுவிட்டு அவரைப் படுக்கச் சொல்வேன்.